செல்போனில் ஒரு கணக்கு நோட்டு

முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்குச் செல்போனில் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுப்பது எழுத்தறிவுப் பணியின் பின்பாதி. இந்தப் பின்பாதி நடக்காவிட்டால் முன்பாதியில் கற்றது கரைந்துபோகும். கையெழுத்துப் போடப் பழகியவர் சில வருடங்களில் மறுபடியும் ரேகை வைக்கத் திரும்புவதை எழுத்தறிவு இயக்கங்களில் உழைத்தவர்கள் நன்றாக அறிவார்கள். அதற்கு மறதி மட்டும் காரணம் அல்ல. கற்ற எழுத்துக்கு அன்றாட வாழ்க்கையில் வேலை இல்லாமல் போவதுதான் முதல் காரணம்.

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் வட்டாரம் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள கடலோர ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80.09 விழுக்காடு, விழுப்புரம் மாவட்டத்தில் 71.88. அந்த மாவட்டப் பெண்களை மட்டும் எடுத்தால் 63.5 விழுக்காட்டுக்கு அருகில்தான் நிற்கிறது. ஆரோவில்லை ஒட்டியுள்ள இடையஞ்சாவடி போன்ற ஊர்களில் வீட்டு வேலை, கட்டட வேலை, முந்திரித் தோப்பு வேலை என்று போகும் பெண்களும், மரக்காணத்தில் உப்பு வாரும் பெண்களும் எத்தனை கணக்குகளைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்! இந்த வாரம் எத்தனை நாள் கூலி வரவேண்டும், குழுவுக்குச் சந்தா கட்டியாயிற்றா, யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கியது, பிரஷர் மாத்திரை எந்தத் தேதியில் தீரும். எழுதிவைக்க வேண்டிய விஷயம் இவர்களிடம் ஏராளம். எழுதிவைக்கும் பழக்கம்தான் இல்லை.

கற்றலோடு ஒரு கருவியைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. அதன் பகுதியாக 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வகுப்புக்குப் போகவும், தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் சைக்கிள் உதவியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்படி வெளியே வந்தார்கள். எழுத்து அவர்களுடைய அன்றாட நடமாட்டத்தோடு சேர்ந்துகொண்டதுதான் அந்த இயக்கத்தின் பெரிய வெற்றி.

அதன் பிறகு வளர்கல்வி மையங்கள் வந்தன. 2009இல் கற்கும் பாரதம் திட்டமும், 2020இல் கற்போம் எழுதுவோம் இயக்கமும் தொடர்ந்தன. இப்போது நடப்பது 2022 முதல் 2027 வரைக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இத்திட்டத்தில் அடிப்படைப் பாடம் ஏறத்தாழ 200 மணி நேரம். முடிவில் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண்ணில் தேர்வு. எழுத்தோடு வாழ்க்கைத் திறன்களும் பாடத்திட்டத்தில் உண்டு, அவற்றுள் ஒன்று டிஜிட்டல் அறிவு. ஆனால் டிஜிட்டல் அறிவு என்றால் பணம் அனுப்புவது, அரசு இணையதளத்தில் விண்ணப்பிப்பது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கற்றவரை முதல் நாளே பணப் பரிமாற்றத்தில் இறக்குவது சரியல்ல. ஒரு தவறு நடந்தால் காசு போய்விடும். பயம் ஒட்டிக்கொண்டால் போனைத் தொடவே மாட்டார். குறிப்புச் செயலியில் தவறினால் எதுவும் கெடாது, அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். தொடக்கப் பாடமாக அதை வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறிப்புச் செயலிகளில் ஆண்ட்ராய்டு போன்களில் அதிகம் காணப்படுவது கூகுள் கீப். 2013இல் வெளிவந்தது, கட்டணம் இல்லை. ஒவ்வொரு குறிப்பும் ஒரு சிறு அட்டையாகத் திரையில் நிற்கும். அட்டைக்கு நிறம் கொடுக்கலாம், படம் சேர்க்கலாம், குரலைப் பதிவு செய்யலாம், முடிந்த வேலைக்கு எதிரே டிக் போடலாம், முக்கியமானதை மேலே குத்திவைக்கலாம், குறித்த நேரத்தில் நினைவூட்டச் சொல்லலாம். இத்தனையும் ஒரே திரையில் கிடைப்பது புதிதாகக் கற்பவருக்குப் பெரிய வசதி. பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதி, எழுத்தறியாதவர்கள் திரைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒன்றைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, அதற்கும் உள்ளே போகிற அடுக்கு மெனுக்களில் அவர்கள் தடுமாறுவதையும், படமும் குரலும் சேர்ந்து வழிகாட்டும்போது எளிதாகச் செல்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே வகுப்பில் கோப்புறை, துணைத் தலைப்பு எல்லாம் வேண்டாம். கூலிக்கு மஞ்சள், மருந்துக்குப் பச்சை, குழுவுக்கு நீலம் என்று மூன்று அட்டை போதும். நிறத்தைப் பார்த்தே சரியான அட்டையைத் திறக்கிறவர், நாளாக நாளாகத் தலைப்பையும் படித்துத் திறப்பார்.

முதல் குறிப்பை எண்ணில் தொடங்குவது நல்லது. எழுத்துத் தெரியாதவர்களில் பெரும்பாலோருக்கு எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்திருக்கிறார்கள், ரூபாய் நோட்டை எண்ணியிருக்கிறார்கள், போன் நம்பர் போட்டிருக்கிறார்கள். தேதியும் கூலித்தொகையும் மட்டும் ஒரு வாரம் எழுதட்டும். வாரக் கடைசியில் கூலி வாங்கும்போது அந்த அட்டையைத் திறந்து சரிபார்க்கட்டும். மேஸ்திரி சொல்லும் கணக்கும் தன் போனிலுள்ள கணக்கும் பொருந்துகிறதா என்று அவரே பார்ப்பதுதான் முதல் பாடத்தின் பலன். அடுத்த வாரம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் சேரும்: உப்பளம், தோப்பு, வீடு. அதற்கடுத்து, "வியாழன் குழுவுக்கு 200 கட்டணும்" என்பதுபோல ஒரு முழு வரி. சொற்களைக் கற்பவர் சொல்ல வேண்டும், சொல்லித்தருபவர் எழுதிக்கொடுக்க வேண்டும். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 விவசாயத் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்தபோது, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களையே பாடமாக்கினார். செல்போன் வந்தபிறகும் அந்த முறையை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

எல்லாரும் சிக்கிக்கொள்ளும் இடம் தட்டச்சு. வீட்டுப் பிள்ளைகள் போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள். அந்த விசைப்பலகையை அப்படியே அம்மாவிடம் கொடுத்தால் அவருக்கு அது பயன்படாது. தமிழ் விசைப்பலகையைத் தனியாகப் போட்டுத்தர வேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. காகிதத்தில் 'கொ' எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, கடைசியில் துணைக்கால் என்று கை இடமிருந்து வலமாகப் போகிறது. பல மாதம் அப்படியே பழகிய கை திரையிலும் கொம்பைத்தான் முதலில் தேடும். விசைப்பலகையோ எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பின்பற்றுகிறது. முதலில் க, அடுத்து ஒ. கொம்பும் காலும் தாமாக வந்து இருபக்கமும் அமரும். இதைச் சொல்லித்தராமல் விட்டால் 'எனக்குத் தப்புத் தப்பாவே வருது' என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்ற பழைய பாடத்தை இந்த இடத்தில் மறுபடி எடுத்தால் போதும், தட்டச்சோடு எழுத்திலக்கணமும் தெளிவாகும்.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசையமைப்பு இந்த அடிப்படையில் ஆனது. உயிர் 12 இடப்பக்கமும் மெய் 18 வலப்பக்கமும் இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'உப்பு' என்று எழுத உ, ப, ப, உ என நான்கு தட்டு, அதுவும் இரண்டே விசைகளில். மரக்காணத்தில் நடக்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல முதல் சொல் கிடைக்காது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கி 2005 பொங்கலன்று வெளியான செல்லினம் செயலியில் இந்த விசையமைப்பு கிடைக்கிறது. விசை தேடுவதே சிரமமாக இருப்பவர்களுக்குத் திரையில் விரலால் எழுதினால் எழுத்தாக மாற்றும் கையெழுத்து வசதியும் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் உண்டு. சிலேட்டில் எழுதிப் பழகியவர் அதில் தயங்காமல் எழுதுவார். சில வாரம் அப்படி எழுதிவிட்டு விசைக்கு வரட்டும்.

குரலை எழுத்தாக்கும் கூகுள் வசதி 2017 ஆகஸ்டில் தமிழுக்கு வந்தது. பேசினால் எழுத்து வந்துவிடும் என்றால் எழுதக் கற்பானேன் என்ற கேள்வி இங்கே எழும். நியாயமான கேள்விதான். குரல் வசதி பேச்சு வழக்கை எல்லா நேரமும் சரியாகப் பிடிப்பதில்லை. நூறு என்றதை வேறாக எழுதிவிட்டால், படிக்கத் தெரிந்தவர்தான் பிழையைக் கண்டுபிடிப்பார். எனவே குரலை எழுத்துக்கு மாற்றாக வைக்கக் கூடாது, துணையாக வைக்க வேண்டும். கீப் செயலியில் பேசிப் பதிவு செய்தால் குரலும் எழுத்தும் ஒரே அட்டையில் சேமிக்கப்படும். தான் சொன்ன வரியைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டு, விரல் வைத்து எழுத்துகளைப் படித்து, தவறாக வந்த சொல்லைத் திருத்துவது மிக நல்ல வாசிப்புப் பயிற்சி. பாடப்புத்தகத்தில் வேறு யாரோ எழுதிய வரி இருக்கும். இங்கே இருப்பது அவர் வாயிலிருந்து வந்த வரி.

கருவியைப் பற்றிப் பேசும்போது கையையும் கண்ணையும் மறந்துவிடக் கூடாது. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவருக்குப் போன் எழுத்தும் தெரியாது, புத்தக எழுத்தும் தெரியாது. மண்டையில் ஏறவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். ஒரு படிக்கும் கண்ணாடி அந்த வருத்தத்தைத் தீர்த்துவிடும். போனின் எழுத்தளவைப் பெரிதாக்கி வைப்பதும் அவசியம். உப்பளத்தில் உழைத்துக் காய்ப்பேறி வெடித்த விரலைத் தொடுதிரை சில சமயம் உணராது, உப்புநீர் பட்ட விரலென்றால் திரை தாறுமாறாக நடந்துகொள்ளும். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடவும், நுனிவிரலுக்குப் பதில் விரலின் சதைப்பகுதியால் மெல்லத் தொடவும் பழக்கலாம். பாத்தியில் உச்சிவெயிலில் திரையே தெரியாது. அங்கே குறிப்பு எழுதச் சொல்வதில் பொருள் இல்லை, சாயங்காலம் வீட்டில் எழுதட்டும்.

போன் யாருடையது என்பதும் முக்கியம். பல வீடுகளில் டச் போன் மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கிறது, அல்லது அம்மாவின் போனில் மகனின் கூகுள் கணக்கு இருக்கிறது. அப்படியானால் அவர் எழுதும் குறிப்பை இன்னொருவர் படிக்கலாம், அழிக்கலாம். அவர் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லைக் காகித நோட்டில் அவர் கையாலேயே எழுதி வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். போன் தொலைந்தாலும் புதுப் போனில் அதே கணக்கைத் திறந்தால் குறிப்புகள் திரும்பக் கிடைக்கும். பேரப்பிள்ளை தெரியாமல் அழித்துவிட்டால் 7 நாள் வரை குப்பைப் பகுதியிலிருந்து மீட்கலாம். ஏடிஎம் ரகசிய எண்ணையும், வங்கியிலிருந்து வரும் ஓடிபியையும் ஒருபோதும் குறிப்பில் எழுதக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லி, ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பச் சொல்ல வேண்டும்.

இந்தக் கரைக்குத் தகவல் தொழில்நுட்பம் புதிது அல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய தகவலை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுத்தறியாத மீனவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே கணினியை இயக்கியவர் ஒருவர், கேட்டவர் ஊரார். இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் வந்துவிட்டது. கேட்பவர் எழுதுபவராகவும் மாறுவதற்கு இப்போதுதான் வாய்ப்பு.

வகுப்புக்கு உப்பளத்தின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் நேரம் வைக்க வேண்டும். ஜனவரி தொடங்கி செப்டம்பர் வரை வேலை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். வருமானம் இல்லாத அந்த மாதங்களுக்கென்று அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கைக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் அதுவே. எழுத்து வகுப்பையும் போன் குறிப்பையும் அந்த மழைமாதங்களில் தொடங்கி, ஜனவரியில் பாத்தி கட்டப் போகும்போது கூலிக்கணக்கை அவரவர் போனில் அவரவரே எழுதும் நிலைக்குக் கொண்டுவர முடியும்.

அதற்கு வேண்டியது பொறுமையாகப் பக்கத்தில் உட்காரும் ஆள்தான். எழுத்தறிவுத் திட்டத்தின் கற்றல் மையங்களை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்களும் பையன்களும் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை அணுகி இதில் சேரலாம். சொல்லித்தரும்போது, "இப்படிக் குடுங்கம்மா, நானே போட்டுத் தர்றேன்" என்று போனைக் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவர் விரலே தட்டட்டும்.