கல்லீரலில் எத்தனை இரும்பு? காந்தம் சொல்கிறது!

தாலசீமியா நோயுள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றவேண்டும். உயிர் காக்கும் அந்த இரத்தத்திலேயே ஓர் ஆபத்து! ஒரு பையில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அது கல்லீரலில் தங்கும், இருதயத்தையும் கெடுக்கும்.

இரும்பை இறக்க மருந்து உண்டு. எவ்வளவு கொடுப்பது? இரும்பின் அளவு தெரியவேண்டுமே! முன்பு, ஊசி குத்திக் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். வலி ஒருபுறம். எடுத்த இடத்தில் இரும்பு குறைவாக இருந்துவிட்டால் கணக்கே தப்பு!

இப்போது எம்.ஆர்.ஐ. படம் போதும். காந்தத்துக்குள் படுக்கவைத்து ரேடியோ அலை செலுத்துகிறார்கள். உடம்பிலுள்ள நீர் பதில் கொடுக்கிறது. இரும்பு மிகுந்த இடத்தில் அந்தப் பதில் சீக்கிரம் அடங்கிவிடும். படத்தில் கல்லீரல் கறுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர விஞ்ஞானிகள் இதை ஊசிக் கணக்கோடு ஒப்பிட்டு, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் பொருந்தின.

குழந்தை சற்று நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். அதுதான் சிரமம்!