தோல் தொழிற்சாலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர்

நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? ஐந்து வருடம், மிஞ்சிப்போனால் எட்டு. ஆனால் தொழிற்சாலைகளில் இருபது வருடம் தாண்டியும் இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர்கள் உண்டு. அப்படி ஒன்றை 2018-ல் ஆம்பூர் அருகே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பார்த்தேன். ஆம்பூர் அப்போது வேலூர் மாவட்டம். 2019-லிருந்து அது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது.

"சார், டிரம் ரூம் சிஸ்டம் ஆன் ஆகலை. வந்து ஃபார்மட் அடிச்சுக் கொடுத்துடுங்க" என்று மேனேஜர் போனில் கூப்பிட்டார். வீட்டுக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு அது சாதாரண வேலையாகத்தான் தோன்றியது. நல்லவேளை, ஃபார்மட் செய்யவில்லை.

அங்கே இருந்தவை இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று நமக்குத் தெரிந்த வகை. விண்டோஸ் எக்ஸ்பி, பழுப்பேறிய கீபோர்டு. இன்னொன்று சுவரில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதற்கு மானிட்டர் இல்லை, மவுஸ் இல்லை. அதன் பெயர் பி.எல்.சி. மின்சார ரிலேக்களை வரிசையாக மாட்டிச் செய்த வேலையை புரோகிராம் மூலம் செய்வதற்காக வந்தது இது. 1969-ல் அமெரிக்காவில் வந்த மோடிகான் 084 இந்த வகையின் முன்னோடி. சென்சார்கள் சொல்வதைப் படிக்கும், புரோகிராமின்படி முடிவெடுக்கும், மோட்டாரையும் வால்வையும் இயக்கும். நொடிக்குப் பல முறை இதையே திரும்பத் திரும்பச் செய்யும். நம் எக்ஸ்பி கம்ப்யூட்டர், எந்த டிரம்முக்கு எந்த மருந்து எவ்வளவு என்ற குறிப்புகளை சீரியல் போர்ட் வழியாக அதற்கு அனுப்பும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் லேசான விஷயமல்ல. குரோம் பதனிடுதலில் தோலை முதலில் ஆசிட்டில் பி.எச். 3-க்குப் பக்கத்தில் வைத்து, குரோம் உப்பு உள்ளே இறங்கிய பிறகு, சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 4-க்குப் பக்கத்தில் கொண்டு வருவார்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்து தோல் கெட்டுவிடும். நான் போனபோது டிரம்முக்குள் டன் கணக்கில் தோல் சுற்றிக்கொண்டிருந்தது. வயதான மேஸ்திரி ஒருவர் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுமுனையில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து, கையாலேயே மருந்து போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கற்ற வேலை, அன்று கை கொடுத்தது.

ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. படிக்க முடிந்த செக்டர்களை முதலில் வேறு டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுத்தேன். பைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாது. முழு டிஸ்க்கையும் பிரதி எடுப்பதற்கு இமேஜ் என்று பெயர். மறுநாள் விடிவதற்குள் சிஸ்டம் எழுந்துவிட்டது.

"புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன் பாய்" என்று முதலாளியிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. புதிய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லை. மென்பொருளின் காப்புப் பூட்டு, பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட்டில் செருகும் வகை. யு.எஸ்.பி. மாற்றிகள் அதற்கு உதவவில்லை. பி.எல்.சி. மாடலும் தயாரிப்பில் இல்லை. அதன் புரோகிராம் ஒரு பேட்டரியின் தயவில் நினைவில் நின்றுகொண்டிருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு அந்த பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும். கரண்ட் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு அந்த அறையின் காற்று வேறு. முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு, செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைத்து அரிக்கும். போர்டின் கனெக்டர்கள் எல்லாம் கருப்பாக இருந்தன.

இன்னொரு தொல்லை நெட்வொர்க். இந்தப் பகுதியின் கழிவுநீர் பற்றி 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் உட்பட 17 வகைத் தொழில்களுக்கு கழிவை ஆன்லைனில் கண்காணிக்கும் கருவிகளைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அதே வருடம் ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு மருந்து இல்லை. இப்படிப்பட்ட கம்ப்யூட்டரை இன்டர்நெட் உள்ள அதே லைனில் மாட்டக் கூடாது. 2018 ஆகஸ்டில் தைவானின் பெரிய சிப் தொழிற்சாலையான டி.எஸ்.எம்.சி.யே, வைரஸ் சோதனை செய்யாமல் ஒரு புதிய கருவியை இணைத்ததால் வானாக்ரை வகை வைரஸில் மாட்டி, இயந்திரங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆம்பூரில் பாட்டு கேட்க பென் டிரைவ் செருகுவதை நானே பார்த்தேன்.

கடைசியில் ஓசூரிலிருந்து ஒரு ஆட்டோமேஷன் குழு வந்தது. நான் கூடமாட உதவினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. பொங்கல் லீவில் ஒரு டிரம்மை மட்டும் புதிய பி.எல்.சி.க்கு மாற்றி, பழைய பேனலை ஒயரோடு அப்படியே விட்டு வைத்தார்கள். கோளாறு என்றால் ஒரு சுவிட்சில் திரும்பிவிடலாம்.

பழைய புரோகிராமை ரேகை ரேகையாகப் படித்துத்தான் புதியதை எழுதினார்கள். ஆனாலும் ஒன்று விடுபட்டுவிட்டது. சோதனையின்போது அந்த மேஸ்திரிதான் கேட்டார்: "தம்பி, சுண்ணாம்புத் தண்ணி வால்வு திறந்திருக்கும்போது ஆசிட் தண்ணி வால்வு எப்பவும் திறக்காதே, இப்ப ரெண்டும் திறக்குதே?" சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரும் ஆசிட் நீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். ஆளையே கொல்லும் வாயு அது. அந்தத் தடை புரோகிராமில் இல்லை, பழைய பேனலின் பின்புறம் யாரோ பிற்பாடு மாட்டிய ஒரு ரிலேயில் இருந்தது. எந்த வரைபடத்திலும் அது குறிக்கப்படவில்லை. சோதனையை நிறுத்தி, அந்த நிபந்தனையைப் புதிய புரோகிராமிலும் சேர்த்து, தனியாக ஒரு ரிலேயும் போட்டார்கள்.

மற்ற டிரம்களை மாற்றி முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. பழைய எக்ஸ்பியின் இமேஜ் இன்னும் என்னிடம் இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஒன்று ஆம்பூரில், மேனேஜர் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறது. இன்னொன்று வேலூரில், என் வீட்டில்.