கண்ணுக்குள் பாயும் ஒளிக்கதிர்!

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குக் கண்ணில் புரை. மதுரைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டார். பார்வை பளிச்சென்று வந்தது. பேரன் முகத்தைப் பார்த்தார். அரிசியில் கல் பொறுக்கினார்.

இப்போது மறுபடியும் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது.

"புரை திரும்ப வளர்ந்துவிட்டது. இனி அவ்வளவுதான்" என்று பாட்டி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படி உட்கார வேண்டியதே இல்லை! எடுத்த புரை திரும்ப வளராது.

பிறகு என்ன நடந்தது?

நம் கண்ணுக்குள் இயற்கையான லென்சு ஒன்று இருக்கிறது. அது மங்குவதைத்தான் புரை என்கிறோம். அந்த லென்சைச் சுற்றி மெல்லிய உறை உண்டு. ஆபரேஷனில் மங்கிய லென்சை எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்சை வைக்கிறார்கள். சிலருக்குச் சில மாதங்களோ, சில ஆண்டுகளோ கழித்து உறையின் பின்பக்கம் மங்கிவிடுகிறது. அதன் நடுவில் ஒரு சிறு ஜன்னல் திறந்தால் போதும்.

திறப்பது கத்தி அல்ல. லேசர் என்னும் ஒளிக்கதிர்!

தேர் நகர்வது எப்படி?

லேசர் என்றால் என்ன?

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வருகிறது. வடம் பிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு நேரத்தில், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் தேர் நகருமா? ஒரே குரல் கொடுத்து, ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுத்தால்தான் நகரும்.

வீட்டு விளக்கின் ஒளி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும் கூட்டம். லேசர் ஒளியோ ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம். அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம்.

முதல் லேசரைச் செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மெய்மன். 1960 மே 16-ந் தேதி அது ஒளிர்ந்தது. அப்போது அவருக்கு வயது 32.

அவர் எடுத்துக்கொண்டது விரற்கணு அளவுள்ள செயற்கைக் கெம்புக் கல். அதன் இரு முனைகளிலும் வெள்ளிப் பூச்சு. கல்லைச் சுற்றி, போட்டோ எடுக்கும்போது மின்னுமே, அந்த மாதிரி விளக்குச் சுருள். விளக்கு மின்னியது. கல்லுக்குள் பிறந்த ஒளி இரு முனைகளிலும் மோதி மோதித் திரும்பிப் பெருகியது. ஒரு முனை வழியாகச் சிவப்புக் கதிராகப் பாய்ந்தது!

மெய்மன் எழுதிய கட்டுரையை ஒரு பெரிய விஞ்ஞான இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. "கருவி வந்துவிட்டது, அதற்கு வேலைதான் இல்லை" என்கிற மாதிரி சிலர் கேலியும் செய்தார்கள்.

வேலை கிடைக்க இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1961 டிசம்பரில் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த கட்டியைக் கெம்பு லேசரால் சுட்டு அழித்தார்கள்.

பாரிஸ் பெண் டாக்டர்

1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேறொரு படிகம் லேசர் ஆயிற்று. நியோடிமியம் என்ற உலோகம் சிறிது கலந்த செயற்கைக் கல் அது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் 'யாக் லேசர்' என்கிறார்களே, அதுதான்.

இதைக் கொண்டு கண்ணுக்குள் இருக்கும் உறையைத் திறக்கலாம் என்று 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியவர்களில் ஒருவர், பாரிஸ் நகரத்துப் பெண் டாக்டர் டானியெல் ஆரோன் ரோசா.

சிறுவர்கள் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்பார்கள் அல்லவா? கண்ணாடி சுடாது, குவியும் புள்ளிதான் சுடும். யாக் கதிரும் அப்படியே. கருவிழியை அது ஒன்றும் செய்யாது. உறையில் குவிந்ததும் 'பட்' என்று துளை!

ஒரு விநாடியை 100 கோடி பங்காக்கினால், அதில் சில பங்கு நேரம்தான் ஒவ்வொரு வெடியும். உட்கார்ந்தபடியே, மரத்துப்போகும் சொட்டுமருந்தோடு, சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஊசி இல்லை. தையல் இல்லை. பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

முற்றட்டும் என்று காத்திருந்தால்?

ஒளிக்கதிர் வெட்டுவதோடு நிற்கவில்லை. அளக்கவும் செய்கிறது.

செயற்கை லென்சு எந்தப் 'பவரில்' வேண்டும் என்பது கண்ணின் நீளத்தைப் பொறுத்தது. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின் வரை சுமார் 23, 24 மில்லிமீட்டர். அளவில் 1 மில்லிமீட்டர் தவறினால், கண்ணாடியில் ஏறக்குறைய 3 'பவர்' தவறும்! முன்பெல்லாம் கண்ணைத் தொட்டு ஒலி அலையால் அளந்தார்கள். சிறிது அழுத்திவிட்டாலும் கணக்கு மாறும். 1999-ல் ஜெர்மனியின் சைஸ் கம்பெனி, கண்ணைத் தொடாமலே லேசர் ஒளியால் அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்று. புரை மிகவும் முற்றிவிட்டால் ஒளி உள்ளே போகாது. திரும்பவும் ஒலி அலைதான்! "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கச் சொல்வது பழைய காலத்து யோசனை. இன்றைக்குப் பொருந்தாது.

மதுரையில் 11 படுக்கை

மதுரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளமையிலேயே மூட்டு வாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் அவர் மறைந்தார்.

வெளிநாட்டு லென்சு ஒன்று 100 டாலர் அளவில் விற்ற காலம் அது. ஏழை எங்கே போவான்? 1992-ல் ஆரோலாப் என்ற தொழிற்சாலை மதுரையிலேயே லென்சு செய்யத் தொடங்கியது. விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது! இன்று அந்த லென்சு 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கும் அதே நிறுவனம், கண் சிகிச்சைக்கான பச்சை லேசர் கருவியையும் செய்து வெளியிட்டது.

பச்சை லேசர் யாருக்கு?

சர்க்கரை நோயாளிகளுக்கு. யாக் போன்ற படிகத்தின் கண்ணுக்குத் தெரியாத கதிரை இன்னொரு படிகத்தின் வழியே செலுத்தினால் பச்சை ஒளியாகிறது. சர்க்கரை முற்றினால் விழித்திரையில் கண்டபடி புது ரத்தக் குழாய்கள் முளைக்கும்; உடைந்து ரத்தம் கசியும். பச்சை ஒளியால் விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல், சிறு பொட்டுகளாகச் சுடுகிறார்கள். புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. நடுப்பார்வை தப்புகிறது. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் சிறிது குறையலாம்.

யாக் லேசர் பாட்டிக்குப் பார்வையைத் திருப்பித் தரும். பச்சை லேசர் இருக்கும் பார்வையைக் காக்கும்; போன பார்வையைப் பெரும்பாலும் தராது. இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது, மங்கவும் மங்காது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். பாப்பாவை விரிக்கச் சொட்டுமருந்து விடுவார்கள். சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். பஸ் போர்டு படிக்க ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது.