வெந்நீர் ஓடும் மேசை

குளிர்நாட்டு வீடுகளில் கான்கிரீட் தரைக்கு அடியில் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதில் வெந்நீரை ஓடவிடுவார்கள். கொதிநீர் வேண்டாம், 35 முதல் 45 டிகிரி வரை போதும். சூடு குறைவுதான், ஆனால் தரை முழுக்கப் பரவுவதால் அறை கதகதப்பாகிவிடும். கொரியர்களின் பழைய ஓண்டோல் வீடுகளில் அடுப்பின் அனலும் புகையும் தரைக்கு அடியில் போய் இதே வேலையைச் செய்தன.

வேலூர் வெயிலில் இப்படி ஒரு தரை யாருக்கும் தேவையில்லை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளில் இதே ஏற்பாடு எஃகு மேசையாக நிற்கிறது. தோலை உலர்த்தும் இதை வேக்கம் மெஷின் என்பார்கள்.

சாயம் ஏறி டிரம்மிலிருந்து வரும் தோலில் ஈரம் நிறைய இருக்கும். அதைச் சுளீரென்ற சூட்டில் காயவைக்க முடியாது. தாவரப் பட்டையில் பதனிட்ட ஈரத்தோல் 80 டிகிரியை ஒட்டியே சுருங்கத் தொடங்கும். குரோம் தோல் 100 டிகிரி வரை தாங்கினாலும், அவசரச் சூட்டில் விறைத்துப் போகும். தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகிற சரக்கு. சுருங்கிய ஒவ்வொரு அங்குலமும் நஷ்டம்.

குறைந்த சூட்டிலேயே ஈரத்தைப் போக்க ஒரு வழி உண்டு. ஏலகிரி மலைமேல் தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே காற்றழுத்தம் குறைவு. அந்த அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் 45 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். வேக்கம் செய்வது அதைத்தான். தோலின் வழவழப்பான முகம் மேசைத் தகட்டில் படும்படி விரித்து, மூடியை இறக்கி, பம்பால் காற்றை உறிஞ்சுகிறார்கள். சில நிமிடங்களில் ஈரத்தின் பெரும்பகுதி ஆவியாக வெளியேறிவிடுகிறது.

அப்படியானால் அடியில் வெந்நீர் எதற்கு? வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறதல்லவா, அதேபோல ஆவியாகும் நீர் தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டே போகிறது. வெறும் வெற்றிடம் மட்டும் இருந்தால் தோல் சில்லிட்டு, உலர்வது மந்தமாகிவிடும். போகிற சூட்டை விடாமல் ஈடுகட்டுவது தகட்டுக்கு அடியில் ஓடும் வெந்நீர். அது ஒரே சீராகவும் ஓட வேண்டும். ஓரிடம் சூடாகவும் ஓரிடம் ஆறியும் இருந்தால் ஒரே தோலில் ஒரு பக்கம் விறைப்பும் மறுபக்கம் ஈரமும் நிற்கும்.

இவ்வளவு இருந்தும் தோலை விரிப்பது மனிதக் கைதான். நாள் முழுக்கச் சூடான தகட்டின் மேல் குனிந்து, கழுத்து, வயிறு, கால் என்று ஒவ்வொரு பகுதியையும் இழுத்து நீவிச் சுருக்கம் எடுக்கிறார்கள். மூடி இறங்கும்போது விட்டுப்போன ஒரு மடிப்பு, அழுந்தித் தோலிலேயே தங்கிவிடும். நாம் போடும் செருப்பின் வழவழப்பில் இயந்திரத்துக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு அந்தக் கைகளுக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

ஈரம் முழுவதையும் இங்கேயே எடுத்துவிடுவதில்லை. எடுத்தால் தோல் அட்டைபோல் ஆகிவிடும். கொஞ்சம் ஈரத்தோடு இறக்கி, கொக்கிகளில் தொங்கவிட்டு, மிச்சத்தைக் காற்றுக்கு விட்டுவிடுகிறார்கள்.