கப்பலிலிருந்து கடற்பறவைக் கணக்கெடுப்பு

கப்பலிலிருந்து கடற்பறவைக் கணக்கெடுப்பு என்பது, ஓடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று, வரையறுக்கப்பட்ட கடற்பரப்பில் உள்ள பறவைகளை இனங்கண்டு எண்ணும் முறையாகும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் எத்தனை பறவைகள் உள்ளன என்னும் அடர்த்தியை அறிவதே இதன் நோக்கம். வடகடலிலும் வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் பின்பற்றப்படும் ஐரோப்பிய முறை இங்கு விளக்கப்படுகிறது.

தேவை

கடற்பறவைகளில் பல, பெரும்பாலும் இனப்பெருக்கத்துக்காகவே கரைக்கு வருகின்றன. கூடுகளை எண்ணுவதால், இனப்பெருக்கம் செய்யாத இளம்பறவைகளின் தொகையோ, பறவைகள் இரை தேடும் இடங்களோ தெரியவருவதில்லை. 1967 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையருகே டோரி கேன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் மடிந்தன. எந்தக் கடற்பகுதியில், எந்த மாதத்தில் பறவைகள் செறிந்திருக்கும் என்பதை முன்பே அறிந்திருந்தால்தான் இத்தகைய இடர்களின்போது எப்பகுதியை முதலில் காப்பது என்று முடிவு செய்ய இயலும்.

வரலாறு

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணியதால் முடிவுகளை ஒப்பிட இயலவில்லை. பிரித்தானியாவில் இப்பணிக்கென 1979 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1984 இல் மார்க் டாஸ்கரும் பிறரும் 'த ஆக்' என்னும் பறவையியல் இதழில் பொதுவான செந்தர முறையொன்றை முன்மொழிந்தனர்.

செயல்முறை

கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலமுள்ள பட்டை மட்டும் கணக்கில் கொள்ளப்படும். கண்கூசும் ஒளி குறைந்த பக்கம் தேர்ந்தெடுக்கப்படும். நீரில் அமர்ந்துள்ள பறவைகள் 0–50, 50–100, 100–200, 200–300 மீட்டர் என நான்கு தொலைவுப் பிரிவுகளில் பதியப்படும்.

தொலைவை அளக்க ஓர் எளிய அளவுகோல் போதும். கண்மட்டம் நீரிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அளவுகோலைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் பிடித்தால், 300 மீட்டர் எல்லை அடிவானத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கீழே அமையும்.

பறக்கும் பறவைகள்

10 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் கடக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பறக்கும் பறவையோ அதே நேரத்தில் 800 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எனவே பட்டைக்குள் நுழையும் பறவைகளைத் தொடர்ந்து எண்ணினால் அடர்த்தி பல மடங்கு மிகையாகிவிடும். வாசலில் நின்று ஒரு மணி நேரம் கடந்து செல்வோரை எண்ணி, அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அறைக்குள் இருந்தனர் என்று கூறுவதற்கு இது ஒப்பாகும்.

இதைத் தவிர்க்கக் கணநேரப் பதிவு கையாளப்படுகிறது. கப்பல் 300 மீட்டர் நகரும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணத்தில் முன்னுள்ள 300 மீட்டர் நீளப் பட்டைக்குள் பறப்பவை மட்டும் எண்ணப்படும்.

கணக்கிடுதல்

அடர்த்தி = பறவைகளின் எண்ணிக்கை ÷ (கடந்த தொலைவு × பட்டையின் அகலம்)

எடுத்துக்காட்டாக, 10 நாட் வேகத்தில் 10 நிமிடங்களில் கப்பல் 3.1 கி.மீ. செல்லும். எண்ணிய பரப்பு 3.1 × 0.3 = 0.93 ச.கி.மீ. அமர்ந்திருந்தவை 14, கணநேரப் பதிவுகளில் பறந்தவை 5 எனில், அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 பறவைகள்.

பிழைகளும் திருத்தங்களும்

* தொலைவிலுள்ள சிறிய பறவைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். 100–200, 200–300 மீட்டர் பிரிவுகள் சம அகலமுடையவை. பின்னதில் எண்ணிக்கை தொடர்ந்து குறைவாக இருப்பின், தவறவிட்டவற்றின் அளவை மதிப்பிட்டுத் திருத்தலாம்.
* கடற்காகம், புல்மார் போன்றவை கப்பலைப் பின்தொடரும். இவை தனியே குறிக்கப்பட்டு, அடர்த்திக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.
* கப்பல் நெருங்கும்போது சில பறவைகள் மூழ்கியோ பறந்தோ விலகிவிடும். ஆகவே நோக்கர் முன்னோக்கியே தேடுதல் வேண்டும்.
* அலை மிகுந்தால் அமர்ந்துள்ள பறவைகள் மறைந்துவிடும். அந்நிலையில் கணக்கெடுப்பு நிறுத்தப்படும்.

பயன்கள்

இத்தரவுகளைக் கொண்டு, எண்ணெய்க் கசிவால் பறவைகள் மிகுதியாகப் பாதிக்கப்படக்கூடிய கடற்பகுதிகள் மாதவாரியாக வரைபடமாக்கப்படுகின்றன. கடற்காற்றாலைகளுக்கு இடம் தேரும்போதும் இவை பயன்படுகின்றன. பறவை காணப்படாத நேரமும் பதிவேட்டில் சுழியம் எனக் குறிக்கப்படல் வேண்டும். அவ்வாறு குறிக்காவிடில், பறவைகள் இல்லாத கடலையும் எவரும் நோக்காத கடலையும் பிரித்தறிய இயலாது.