வாடும் சோளத்துக்குச் சீரியம் நானோ துகள்

சிவகாசி, சாத்தூர் வட்டார மானாவாரிச் சோளம் பூக்கும் தருணத்தில் மழை தவறினால், இலைகளில் கேடு செய்யும் பிராணவாயு வகைகள் பெருகுகின்றன. மணி பிடிப்பு குறைகிறது.

லைட்டர் கல்லில் தீப்பொறி தரும் சீரியம் ஓர் அருமண் உலோகம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட் மணலிலும் இது உள்ளது. இதன் ஆக்சைடைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளாக்கித் தெளித்தால் இலைக்குள் புகும். அதிலுள்ள சீரியம் அயனிகள் அக்கேட்டைத் தணிக்கும்.

2018-ல் வெளியான ஆய்வில், வறட்சியில் வாடிய சோளத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் தெளித்ததில், வெறும் நீர் தெளித்த செடிகளைவிட 31 சதம் கூடுதல் விளைச்சல் கிடைத்தது.

எனினும் இது ஆய்வு நிலையிலேயே உள்ளது. 'நானோ' என்று விற்பதையெல்லாம் வேளாண்மை அலுவலரைக் கலக்காமல் வாங்க வேண்டாம். இப்போதைக்கு, விதையை 2 சத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைத்து வறட்சியைத் தாங்கச் செய்யலாம்.