கிரிவலப் பாதையும் புதுத்தொழில்களும்

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் அருணாசலத்தைப் பிரதட்சிணம் செய்து ஊர் திரும்பிய பின்னர், விடியற்காலையில் அப்பாதையின் இருமருங்கும் சிதறிக் கிடப்பவற்றைச் சிரத்தையோடு நோக்குபவர்களுக்கு, அவற்றுள் பெரும்பகுதி தண்ணீர் பாட்டில், அன்னதானத் தட்டும் எச்சிற்சோறும், வாடிய பூமாலை ஆகிய மூன்றினுள் அடங்கிவிடும் என்பது விளங்கும். கூட்டம் வரும் நாளைப் பஞ்சாங்கமே முன்கூட்டி அறிவித்துவிடுகின்ற திருவண்ணாமலை, கழிவை மூலப்பொருளாகக் கொள்ளும் தொழில்களுக்கு அபூர்வமான களம் என்பது என் அபிப்பிராயம்.

எடுத்தோம், உபயோகித்தோம், எறிந்தோம் என்றில்லாமல், ஒரு தொழிலின் மிச்சம் மற்றொரு தொழிலுக்கு ஆதாரமாகும்படி ஏற்பாடு செய்துகொள்வதையே சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். பாய்மரப் படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றிவந்த ஆங்கிலேயப் பெண்மணி எல்லன் மக்ஆர்தர், 2010-ல் தம் பெயரால் தொடங்கிய அறக்கட்டளையின் மூலம் இக்கருத்தைப் பல தேசங்களில் பரப்பினார். நம் கோயில் சம்பிரதாயத்துக்கோ இது புதிதன்று. 2668 அடி உயர மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் எரிந்தடங்கிய கொப்பரையிலிருந்து எடுக்கும் மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டுப் பின்னர் பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது.

பூவின் விஷயத்தில் வழிகாட்டியது கான்பூர். கோயில்களில் சாத்திய மலர்கள் பூச்சிமருந்தின் நஞ்சோடு கங்கையில் கலப்பதைக் கண்டு மனம் வருந்திய அங்கித் அகர்வால் என்னும் இளைஞர் தொடங்கிய ‘ஃபூல்’ நிறுவனத்தில், பெண்கள் அம்மலர்களைத் தரம்பிரித்து உலர்த்திப் பொடியாக்கி, கரித்தூள் சேராத ஊதுவத்தி உருட்டுகிறார்கள். தோலுக்கு மாற்றான ஒரு பொருளும் அம்மலர்க் கழிவிலிருந்து அங்கே உருவாகியிருக்கிறது. அண்ணாமலையார் சந்நிதியில் சேரும் பூக்களுக்கும் இத்தகைய மறுபிறவி ஏன் வாய்க்கக் கூடாது?

பாட்டிலுக்கோ நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீலநிற மேலங்கிக்காகப் பழைய பாட்டில்களிலிருந்து செய்த துணி, கரூரில் செந்தில் சங்கர் நடத்திவரும் ஸ்ரீரெங்கா பாலிமர்ஸ் ஆலையிலிருந்து போனது. பழைய பாட்டில்களைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கழுவி, உருக்கி இழையாக இழுத்தால், அது நூலாகிவிடுகிறது. நறுக்கியதைத் தண்ணீரில் இட்டால் பாட்டிலின் பிளாஸ்டிக் அடியில் தங்க, வேறு ஜாதியைச் சேர்ந்த மூடியின் பிளாஸ்டிக் மிதந்துவிடுவதால், அவ்விரண்டையும் பிரிப்பது அங்கே சுலபமான காரியம். ஆனால் சாம்பார் படிந்து, சேற்றில் மிதிபட்டு வந்த பாட்டிலைச் சுத்தம் செய்யும் செலவில் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடக் கூடும்.

ஆகையால் இத்தொழிலின் உயிர்நாடி இயந்திரத்தில் இல்லை, முதலில் எடுக்கும் கையில் இருக்கிறது. கோணியுடன் அதிகாலையில் கிரிவலப் பாதையில் பாட்டில் பொறுக்கும் ஏழைகளும், அவர்களிடம் எடைபோட்டு வாங்கும் பழைய பேப்பர்க் கடைக்காரர்களுமே இந்நாட்டில் சுழற்சிப் பொருளாதாரத்தை நெடுங்காலமாகத் தாங்கி வருபவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுப் புத்தொழில் நடத்த முற்படுவது அநீதி மட்டுமன்று, மூடத்தனமும் ஆகும். சென்னையின் ‘கபாடிவாலா கனெக்ட்’ நிறுவனம் இதை நன்கு உணர்ந்து, பழைய பேப்பர்க் கடைகள் எங்கெங்கே உள்ளன என்று வரைபடமிட்டு, அக்கடைக்காரர்களோடு சேர்ந்தே தன் தொழிலை அமைத்துக்கொண்டது.

அரசாங்கமும் வழி திறந்தே வைத்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பை, தண்ணீர்ப் பாக்கெட் முதலிய 14 வகைப் பொருள்களுக்குத் தடை உண்டு. 2022-ல் மத்திய அரசு வகுத்த விதிகளோ, பிளாஸ்டிக் உறையிட்டு விற்கும் கம்பெனிகளின்மேல் அவ்வுறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைச் சுமத்தியுள்ளன. அந்தப் பொறுப்புக்காகக் கம்பெனிகள் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு திருவண்ணாமலைக்கு வந்துசேர வேண்டும். அடுத்த கார்த்திகைக்கு முன்பாகவே, கிரிவலப் பாதையிலுள்ள அஷ்டலிங்க சந்நிதிகள் ஒவ்வொன்றுக்கும் சற்றுத் தள்ளி ஒரு தரம்பிரிப்புக் கொட்டகை போட்டு, கிலோவுக்கு இன்ன விலை என்று வாசலில் எழுதி வைத்து, சேகரிப்பவர்களுக்குக் கையுறையும் அடையாள அட்டையும் அன்றன்றே கூலியும் கொடுக்க முன்வரும் புதுத்தொழில் எதுவாயினும், நகர நிர்வாகமும் தேவஸ்தானமும் அதற்கு இடம் கொடுக்கட்டும்.